விளக்கேற்றும் நேரத்தில் அணையும் கணினி

கானாடுகாத்தானில் இருக்கும் ஓர் ஆச்சியின் வீட்டுக் கணினியை நான் இரண்டு முறை பழுது பார்த்துக் கொடுத்தேன். அந்தக் கணினியில் பழுதே இல்லை என்பது மூன்றாம் முறை அவர்கள் வீட்டுக்கே போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. காரைக்குடியில் இந்தத் தொழிலுக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இப்படி ஏமாந்தேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும், கணினியிலும் மடிக்கணினியிலும் பழுது தேடுவது பற்றி நான் சொல்ல நினைப்பதில் பெரும்பகுதியை அந்த ஒரு கணினியை வைத்தே சொல்லிவிடலாம் என்பதால் எழுதுகிறேன்.

ஆச்சியின் பேரன் சிங்கப்பூரில் இருக்கிறார். தினமும் மாலையில் பாட்டியும் பேரனும் முகம் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். கைப்பேசியில் பேரனின் முகம் கையளவுதான் தெரிகிறது என்று, அவர் கல்லூரிக் காலத்தில் வாங்கிய மேசைக் கணினியில் ஒரு கேமராவைப் பொருத்திப் பெரிய திரையில் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அந்தக் கணினி பேச்சின் நடுவில் சட்டென்று அணைந்து, சில நொடிகளில் தானாகவே மறுபடி எழுகிறது என்பதுதான் முறையீடு.

முதல் முறை கணினி என் மேசைக்கு வந்தபோது, மூடியைத் திறந்ததுமே உள்ளே செம்மண் தூசி படிந்திருந்தது. கணினியின் தற்காலிக நினைவகமான ரேம் பட்டைகளின் தங்க முனைகள் மங்கியிருந்தன. சுத்தம் செய்து மாட்டினேன், இரண்டு பட்டைகளில் ஒன்றைச் சந்தேகத்தின் பேரில் மாற்றினேன், இரண்டு நாள் ஓடவிட்டேன். ஒரு முறைகூட அணையவில்லை. ஒன்பதாம் நாள் திரும்பி வந்தது. இந்த முறை, கணினிக்குள் மின்சாரத்தை மாற்றிப் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி பழையது என்று முடிவு கட்டிப் புதிது போட்டேன். மூன்று நாள் என் கடையில் இரவும் பகலும் ஓடிய அந்தக் கணினி, வீட்டுக்குப் போன அன்று மாலையே அணைந்தது. ஆச்சி கைப்பேசியில் அழைத்து, கோபமே இல்லாமல், "ஒங்க கடையில இருந்தா நல்லாத்தான் இருக்கு தம்பி, இங்க வந்தாத்தான் அதுக்கு மேலுக்குச் சொகமில்லாமப் போயிருது" என்றார்கள். அந்த ஒரு வாக்கியத்தில் விடையே இருந்தது, எனக்குத்தான் உறைக்கவில்லை.

நான் செய்த பிழைகள் இரண்டு. ஒன்று, குற்றத்தை நிரூபிக்காமலே பொருளை மாற்றியது. கழற்றிய ரேமை வேறொரு நல்ல கணினியில் மாட்டி, அங்கும் அது அணைகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். பழுது அந்தப் பொருளுக்குள் இருந்தால், பொருள் போகிற இடத்துக்கெல்லாம் அதுவும் கூடவே போகும். போகாவிட்டால் அந்தப் பொருளின் மேல் குற்றமில்லை. மற்றொன்று, கணினி எந்த இடத்தில், எந்த வேளையில், என்ன செய்துகொண்டிருக்கும்போது படுத்தது என்பதைக் கேட்காமல், அது நன்றாக ஓடுகிற என் மேசையில் வைத்தே அதன் நோயைத் தேடியது. காய்ச்சல் விட்ட வேளையில் நாடி பார்த்த கதைதான்.

கடைக்கு வருகிறவர்களில் பத்துக்கு ஏழு பேர் "கம்ப்யூட்டர் ஆன் ஆகல" என்ற ஒரே சொல்லோடுதான் வருகிறார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. விளக்கும் எரியவில்லை, விசிறியும் சுழலவில்லை என்றால் மின்சாரம் வரும் பாதையைப் பார்க்க வேண்டும். சுவர்ப் பிளக்கில் தொடங்கி, கேபிள், அடாப்டர் அல்லது எஸ்.எம்.பி.எஸ்., பவர் பட்டன் என்று வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். விசிறி சுழல்கிறது, திரை மட்டும் இருட்டு என்றால் முதல் சந்தேகம் ரேமின் மேல், அடுத்தது திரை மற்றும் அதன் கேபிளின் மேல். திரையில் நிறுவனத்தின் முத்திரை வரை வந்து, அதற்குமேல் நகரவில்லை என்றால் பெரும்பாலும் ஹார்டு டிஸ்க் அல்லது மென்பொருள். இந்த மூன்றில் எது என்பதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டால், திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

ரேமைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் இருப்பவர்கள் தாங்களே செய்துகொள்ளக் கூடிய வேலை இது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து உள்ளே தங்கியிருக்கும் மின்னூட்டத்தை வெளியேற்ற வேண்டும். பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுக்கொண்டால், உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் பட்டையில் பாயாது. இரு முனைகளிலும் இருக்கும் வெள்ளைக் கொக்கிகளை வெளிப்பக்கமாகத் தள்ளினால் பட்டை தானாக மேலே எழும்பும். அதன் தங்க முனைகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், நல்ல முனை மஞ்சளாக மின்னும்; கெட்ட முனையில் கைரேகை படிந்தது போல ஒரு பழுப்பு மங்கல் இருக்கும். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை அழிப்பான் ஒன்றால் ஒரே திசையில், அழுத்தாமல், நாலைந்து முறை தேய்த்தால் போதும். பேனா மையை அழிப்பதற்கென்று மணல் கலந்து செய்த அழிப்பானைத் தொடவே கூடாது. அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது, அதையும் சேர்த்து உரித்துவிடும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைப்பது அதைவிட மேலானது. மறுபடி மாட்டும்போது, பட்டையின் அடியில் இருக்கும் வெட்டு எந்தப் பக்கம் என்று பார்த்து நேராக வைத்து, இரு கட்டை விரல்களாலும் சமமாக அழுத்த வேண்டும். கொக்கிகள் தாமாக மூடிக்கொண்டு 'டக்' என்று ஒலிக்கும் வரை அது உட்காரவில்லை என்றே பொருள். இரண்டு பட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றாக மட்டும் மாட்டிப் பார்க்க வேண்டும். ஆன் ஆகிவிட்டது என்பதற்காக ரேம் நலம் என்று முடிவு செய்யவும் முடியாது. மெம்டெஸ்ட் 86 போன்ற சோதனை மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, ஓர் இரவு முழுக்க ஓடவிட்டால், சூடேறிய பிறகு மட்டும் தவறு செய்கிற பட்டைகளும் அகப்படும்.

மேசைக் கணினிகளில் ஸ்பீக்கர் இருந்தால், ஆன் ஆகும்போது அது எழுப்பும் பீப் ஒலிகளையும் எண்ண வேண்டும். பொதுவாக ஒரே ஒரு குறுகிய பீப் என்றால் நலம். கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸ், அவார்டு வகையாக இருந்து, ஒரு நீளமும் இரண்டு குறுக்கமும் வந்தால் திரைக்குப் படம் அனுப்பும் கார்டில் கோளாறு. பயாஸுக்குப் பயாஸ் இந்தக் கணக்கு மாறும் என்பதால், மதர்போர்டின் கையேட்டைப் பார்க்காமல் யாரோ சொன்ன பட்டியலை நம்பக் கூடாது.

எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சோதிக்க எல்லோரும் செய்யும் தந்திரம் ஒன்று உண்டு. அதன் இருபத்துநான்கு முனைப் பிளக்கில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்தால், கணினியின் துணை இல்லாமலே அது ஆன் ஆகி விசிறி சுழலும். விசிறி சுழன்றதும் "எஸ்.எம்.பி.எஸ். நல்லா இருக்கு" என்று சான்றிதழ் கொடுத்துவிடுகிறார்கள். சுழலாவிட்டால் அது கெட்டது என்று சொல்லலாம்; சுழன்றால் நல்லது என்று சொல்ல முடியாது. வெறுங்கையோடு நடக்கிறவனைப் பார்த்து, இவன் நெல் மூட்டை தூக்குவான் என்று எப்படிச் சொல்வது? கணினியில் மாட்டி, சுமை ஏற்றி, மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும். மஞ்சள் வயரில் 12 வோல்ட், சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3, மேலும் கீழும் ஐந்து சதவீதம் வரை பொறுத்துக்கொள்ளலாம். 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில், கணினி ஒரு வீடியோவை ஓட்டும்போது 11.4க்குக் கீழே இறங்குகிறது என்றால் அதை மாற்றிவிட வேண்டியதுதான். எக்காரணம் கொண்டும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைப் பிரிக்க வேண்டாம். 230 வோல்ட் மாறுமின்சாரம் உள்ளே நேர்மின்சாரமாகும்போது ஏறத்தாழ 325 வோல்ட்டாகிப் பெரிய கெப்பாசிட்டர்களில் தங்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அது அங்கேயே இருக்கும். அதைத் தொட்டுவிட்டு ஒரு நாள் முழுக்க வலது கை மரத்துப்போய்க் கிடந்தவன் சொல்கிறேன்.

மடிக்கணினி அடாப்டருக்கும் இதே நியாயம். முனையில் மீட்டரை வைத்தால் 19 வோல்ட் காட்டும். மடிக்கணினியில் செருகிச் சுமை ஏறியதும் குப்புற விழும். கேபிள் முனையில் மடங்கி மடங்கி, உள்ளே ஓரிரு இழைகள் மட்டும் மிஞ்சியிருக்கும்போது இது நடக்கும். அதே வகை நல்ல அடாப்டர் ஒன்றை இரவல் வாங்கிப் பார்ப்பதுதான் மலிவான சோதனை. மடிக்கணினி அறவே உயிரில்லாமல் கிடந்தால், அடாப்டரைப் பிடுங்கி, கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு, அடாப்டரை மட்டும் செருகி ஆன் செய்து பாருங்கள். மந்திரம் போலத் தோன்றும், ஆனால் மந்திரமில்லை. போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லு ஏதோ ஒரு நிலையில் சிக்கிக்கொண்டிருப்பதை அது விடுவிக்கிறது. திரை இருட்டாக இருந்தால், ஒரு டார்ச் விளக்கைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். அந்த வெளிச்சத்தில் மங்கலாகப் படம் தெரிந்தால் திரை சாகவில்லை, அதன் பின்னொளிதான் போயிருக்கிறது. திரையை முன்னும் பின்னும் சாய்க்கும்போது மட்டும் படம் வந்து போனால், கீலுக்குள் ஓடும் கேபிளில் முறிவு.

பேட்டரியைப் பற்றி எழுதும்போது ஊர்ப் பெருமையை ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியில்தான் இருக்கிறது. பேட்டரி அவர்களின் ஆராய்ச்சிப் பொருள்களில் ஒன்று. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, உப்பிய பேட்டரியைக் கத்தி முனையால் குத்திக் காற்றை இறக்கப் பார்த்த ஒரு மாணவரை நான் சந்தித்திருக்கிறேன். மடிக்கணினியின் டச்பேடு அழுந்தவில்லை, அதை மாற்றித் தர வேண்டும் என்று வந்தார். கணினியை மேசையில் வைத்தால் நான்கு காலிலும் நிற்காமல் ஆடியது. அடி மூடியைத் திறந்தால், தட்டையாக இருக்க வேண்டிய பேட்டரி எண்ணெயில் போட்ட பூரி போல எழும்பி, டச்பேடைக் கீழிருந்து முட்டிக்கொண்டிருந்தது. லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் திரவம் சூட்டிலும் முதுமையிலும் சிதைந்து வாயுவாகிறது. அதைக் குத்தினால் காற்று மட்டும் இறங்காது, தீயும் பிடிக்கும். உடனே சார்ஜ் போடுவதை நிறுத்தி, வளைக்காமல் கழற்றி, மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் சேர்ப்பதுதான் வழி. பகலெல்லாம் சார்ஜரிலேயே கிடக்கும் கணினியில், சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால் அதை இயக்கிவைப்பது பேட்டரிக்கு நல்லது. டச்பேடு நன்றாகவே இருந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஹார்டு டிஸ்க்கில் பழுது என்றால், பழுதுபார்ப்பதற்கு முன் நகல் எடுக்க வேண்டும். 'டிக், டிக்' என்று தாளம் போடத் தொடங்கிவிட்ட டிஸ்க்கை மறுபடி மறுபடி ஆன் செய்து பார்ப்பவர்கள், மிச்சமிருக்கும் கல்யாணப் புகைப்படங்களைத் தங்கள் கையாலேயே அழிக்கிறார்கள். அதைப் பிரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்ற பேச்சு இன்னும் ஊரில் இருக்கிறது. வெளியே எடுத்ததும் நம் ஊர்ச் சூட்டில் உள்ளே வியர்த்து, இருந்ததும் போய்விடும். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் குறிப்பை கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் காட்டும். அதில் 5ஆம் எண் வரியும் 197ஆம் எண் வரியும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கின் பரப்பே கெட்டுப்போகிறது. ஆனால் 199ஆம் எண் மட்டும் ஏறினால், டிஸ்க்கைக் குறை சொல்லாமல் முதலில் சாட்டா கேபிளை மாற்ற வேண்டும். போர்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையில் தகவல் சிதைகிறது என்பதுதான் அந்த எண்ணின் பொருள். சின்னக் கேபிளின் பாவத்துக்குப் பெரிய டிஸ்க்கைத் தூக்கில் போட்ட கடைகளை எனக்குத் தெரியும். என் கடையும் தொடக்கத்தில் அதைச் செய்திருக்கிறது.

சூட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சித்திரை வெயிலில் விசிறி அலறிக்கொண்டே கணினி மெதுவானால், தூசி தட்டி, பிராசசரின் மேல் காய்ந்துபோன, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாகப் பட்டாணி அளவு வைத்தால் போதும். மடிக்கணினியின் சிறிய சில்லுக்கு மிளகு அளவு. ஊதும் கருவியால் தூசி தட்டும்போது விசிறியின் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அது கண்மண் தெரியாமல் சுழன்று பேரிங் தேயும்.

ஆச்சியின் கணினிக்குத் திரும்புகிறேன். மூன்றாம் முறை கணினியைக் கடைக்குக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மல்டிமீட்டரையும் டெஸ்டரையும் எடுத்துக்கொண்டு நானே போனேன். முகப்பைக் கடந்து வளவுக்குள் நுழைந்தால் நான்கு பக்கமும் பர்மாத் தேக்குத் தூண்கள், நடுவில் வானம் தெரியும் முற்றம், காலுக்கடியில் குளிர்ந்த ஆத்தங்குடிக் கல். வளவை ஒட்டிய ஓர் அறையில் கணினி இருந்தது. மின்சாரம் வந்த புதிதில் மரச்சட்டத்தின் மேல் கிளிப் அடித்து ஓட்டிய பழைய வயரிங், தூணோரமாக ஏறி உத்தரத்தைச் சுற்றி அந்த அறைக்குள் இறங்கியது.

உட்கார்ந்ததும் ஆச்சி, "பெட்டியத் தொட்டா எறும்பு ஓடுற மாதிரி இருக்கு, பாத்து" என்றார்கள். டெஸ்டரைக் கணினிப் பெட்டியின் உலோகத்தில் வைத்தேன்; விளக்கு மினுக்கென்று எரிந்தது. இதைப் பார்த்துப் பலர் எஸ்.எம்.பி.எஸ். கசிகிறது என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படியில்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாசலில், இரைச்சலை வடிகட்டுவதற்காக, மின்சாரம் வரும் பேஸ் கம்பியிலிருந்து பெட்டிக்கு ஒன்றும் அது திரும்பும் நியூட்ரல் கம்பியிலிருந்து பெட்டிக்கு ஒன்றுமாக இரண்டு சிறிய கெப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் கம்பி இருந்தால் அவற்றின் வழியே வரும் சொற்ப மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி அந்த இரண்டுக்கும் நடுவில் தொங்கி, 230இல் பாதியான 115 வோல்ட்டை ஒட்டி நிற்கும். பாயும் அளவு மிகக் குறைவு என்பதால் ஆளைத் தூக்கி அடிப்பதில்லை, வெறுங்காலோடு கல் தரையில் நிற்பவருக்கு எறும்பு ஓடுகிறது. ஆனால் அந்த நிலையில் டி.வி.யோ பிரிண்டரோ கேபிளால் இணைத்தால், கேபிள் செருகும் போர்ட்டுகள் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. சுவர்ச் சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தபோது எதிர்பார்த்ததே இருந்தது. மூன்று துளைச் சாக்கெட், பின்னால் இரண்டே வயர்.

இது கணினி தானாக அணைவதற்குக் காரணமாகாது. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 231 வோல்ட் காட்டியது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம் ஓடவிட்டேன், அணையவில்லை. அப்போதுதான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்: எப்போதெல்லாம் அணைகிறது?

"வெளக்கேத்துற நேரத்துக்குத்தான் அப்பு. பேரன் கூப்பிடுறதும் அப்பத்தான். அணையறதுக்கு முன்னாடி பல்லி வேற ஒரு தடவ சொல்லும். நல்ல சகுனம்னு நெனச்சுக்குவேன்."

பல்லி என்றதும் நான் மேசைக்கு அடியில் குனிந்தேன். அங்கே, மின்சாரம் போனால் தன் பேட்டரியிலிருந்து கணினிக்கு மின்சாரம் கொடுக்க வேண்டிய யு.பி.எஸ். ஒன்று துணி போர்த்தி இருந்தது. கணினியின் மின்கேபிள் அதற்குள்தான் போனது. இரண்டு முறை கணினியைக் கடைக்கு அனுப்பியவர்கள் அதை மட்டும் இங்கேயே விட்டிருக்கிறார்கள். இருக்கிறதா என்று நானும் கேட்கவில்லை. முகப்பில் பச்சை விளக்கு அழகாக எரிந்துகொண்டிருந்தது. அதைத் திறந்து பேட்டரியில் மீட்டரை வைத்தால் 12.6 வோல்ட். இந்த எண்ணைப் பார்த்து நல்ல பேட்டரி என்று மூடி வைக்கிறவர்கள் உண்டு. மீட்டரை அப்படியே பிடித்துக்கொண்டு சுவர்ச் சுவிட்சை அணைக்கச் சொன்னேன். 'கீச்' என்று ஒரு சத்தம், எண் 7க்குக் கீழே பாய்ந்தது, திரை இருண்டது. வாங்கிய நாள் தொட்டு மாற்றாத 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி நேரப் பேட்டரி அது. இந்த வகைப் பேட்டரிக்கு நம் ஊர்ச் சூட்டில் இரண்டு, மூன்று ஆண்டுகள்தான் ஆயுள்.

ஆனால் மின்சாரம் போகாதபோது யு.பி.எஸ். ஏன் பேட்டரிக்கு மாற வேண்டும்? விளக்கேற்றும் நேரத்தில் இந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டேன். ஆச்சி யோசித்துக்கொண்டிருக்க, சமையல் வேலை பார்க்கும் அக்கா இரண்டாங்கட்டிலிருந்து, "ஆறு மணிக்கு மோட்டார் போடுவோம், மேல் டேங்க் நெறையணும்ல" என்று குரல் கொடுத்தார். மதியம் மூன்று மணிக்கு மோட்டாரைப் போடச் சொல்லிவிட்டு, மீட்டரைச் சாக்கெட்டில் வைத்துக் காத்திருந்தேன். கிணற்றடியில் மோட்டார் உறுமிய அதே நொடியில் 231 என்ற எண் 160க்குப் பக்கத்தில் விழுந்து, பிறகு மெல்ல 205இல் வந்து நின்றது. மீட்டர் மெதுவான கருவி; உண்மையான சரிவு அதைவிட ஆழமாகவே இருந்திருக்கும். வளவில் எரிந்த குழல் விளக்கும் ஒருமுறை கண் சிமிட்டியது. மின்னழுத்தம் அவ்வளவு இறங்கியதும், மின்சாரமே போய்விட்டதாக எடுத்துக்கொண்டு யு.பி.எஸ். 'கீச்' என்று பேட்டரிக்கு மாறியது. பேரனை அழைக்காமலே கணினி அணைந்தது. சற்று நேரத்தில், மின்சாரம் திரும்பினால் தானாக எழ வேண்டும் என்று பயாஸில் யாரோ எப்போதோ வைத்திருந்த கட்டளைப்படி மறுபடி எழுந்தது.

மோட்டார் கிளம்பும்போது மின்னழுத்தம் சற்று இறங்குவது எங்கும் உள்ளதுதான். எழுபது வோல்ட் இறங்குவது இயல்பல்ல. எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்க வேண்டும். கணினிக்காரன் வீட்டு வயரிங்கில் கை வைக்கக் கூடாது என்பது என் கொள்கை. உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவரைப் பள்ளத்தூரிலிருந்து வரவழைத்தார்கள். மெயினை அணைத்துவிட்டு அவர் பலகையைத் திறந்தபோது, நியூட்ரல் இணைப்பின் திருகு தளர்ந்து, வயரின் உறை இரண்டு அங்குல நீளத்துக்குக் கருகி, செம்பு கறுத்துப்போய் இருந்தது. சும்மா இருக்கும்போது அந்த இணைப்பு 231 வோல்ட்டைத் தாராளமாகக் கடத்தியது. மோட்டார் கேட்கும் மின்சாரம் பாயும்போதுதான் அது தடையாகி நின்றது. "இது முழுசா விட்டிருந்தா வீட்டுல பாதிச் சாமான் போயிருக்கும்" என்றார் அவர், அது உண்மை. மூன்று பேஸ் இணைப்புள்ள வீட்டில் நியூட்ரல் அறுந்தால், சில அறைகளில் மின்னழுத்தம் 400 வோல்ட் வரைகூட ஏறும்.

என் கடையில் ஏன் ஒரு முறையும் அணையவில்லை என்பதற்கும் இத்தோடு விடை கிடைத்தது. என் மேசைக்கு நல்ல பேட்டரி போட்ட பெரிய யு.பி.எஸ்.ஸின் வழியாகத்தான் மின்சாரம் வருகிறது. நோயாளியை அரண்மனைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, இவனுக்கு ஒன்றுமில்லை என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

எலெக்ட்ரீஷியன் நியூட்ரலைப் புதிதாக முடித்தார். பின்கட்டில் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு எர்த் எடுத்தார். நூறு வாட் குண்டு பல்பு மாட்டிய ஒரு ஹோல்டரின் இரு வயர்களையும் பேஸ் துளையிலும் எர்த் துளையிலும் செருகிக் காட்டினார். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தது. மீட்டரைவிட இந்தப் பல்பு நேர்மையான சாட்சி, ஏனென்றால் அது மின்சாரத்தை வாங்கிக் காட்டுகிறது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் என் மீட்டர் 1.4 வோல்ட் காட்டியது. யு.பி.எஸ்.ஸுக்கு நான் பேட்டரி மாற்றினேன். ஆறு மணிக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு, ஆச்சி பேரனை அழைத்தார்கள். பெரிய திரையில் பேரன் சிரித்தார். பெட்டியின் மேல் ஆச்சி கை வைத்துப் பார்த்து, "எறும்பு போயிருச்சு" என்றார்கள்.

தேவையில்லாமல் நான் போட்ட ரேமுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஆச்சி வாங்க மறுத்தார்கள். வற்புறுத்திய பிறகு வாங்கிக்கொண்டு, ஒரு தூக்குச் சட்டி நிறையச் சீப்புச் சீடையும் மணகோலமும் போட்டுக் கொடுத்தார்கள். பழைய ரேமைக் கடையில் வேறொரு கணினியில் மாட்டி ஓர் இரவு சோதித்தேன். ஒரு பிழைகூட இல்லை.

கிளம்பும்போது ஒன்றைச் சொல்லிவிட்டு வந்தேன். நம் பக்கத்து மண் கோடையில் வறண்டு இறுகிவிடும். எர்த் குழி காய்ந்தால் எர்த் இருந்தும் இல்லாதது போலத்தான், ஆகவே வாரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் அதில் ஊற்ற வேண்டும். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். குழியின் வாய் ஈரமாக இருந்தது. துளசி மாடத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது அதற்கும் ஒரு குடம் ஊற்றச் சொல்லியிருக்கிறார்களாம். வெள்ளிக்கிழமையானால் யாரோ அதன் மூடியில் ஒரு பொட்டுக் குங்குமமும் வைத்துவிடுகிறார்கள்.